பிணத்தின் புருவம்

"நிறுத்து, நிறுத்து. அங்கேதான்," என்றார் இயக்குநர்.

எடிட்டர் நிறுத்தினார். திரையில் வெள்ளைப் போர்வைக்குள் மருமகள் செத்துக் கிடந்தாள்.

அதே மருமகள் உயிரோடு கதவோரம் நின்றிருந்தாள், கையில் பெரிய பையோடு. தொடரில் அவள் வேலை முடிந்துவிட்டது. மேக்கப் அறையில் மாட்டியிருந்த தன் சொந்த உடைகளைப் பையில் அடைத்துக்கொண்டு கிளம்பியவளை இங்கே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

எடிட்டர் மறுபடி ஓட்டினார்.

மாமியார் ஓடி வருகிறார். பிணத்தின் மேல் விழுந்து கட்டிக்கொண்டு கதறுகிறார். பிணத்தின் இடது புருவம் சுருங்கி விரிகிறது.

அவ்வளவுதான். ஆனால் முந்தாநாள் அவசர அவசரமாக எடுத்தது, நேற்று அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. பார்த்தவர்கள் விடுவார்களா? விடிந்ததிலிருந்து ஊரே இரண்டு கட்சி. சுத்தக் கவனக்குறைவு என்று பாதிப் பேர். கவனக்குறைவாவது மண்ணாவது, அவள் சாகவில்லை, அதைத்தான் ஜாடையாகக் காட்டியிருக்கிறார்கள் என்று மீதிப் பேர்.

லாரி மோதியபோது ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லையே, அதைக் கவனித்தீர்களா என்று ஒருத்தி பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். ரத்தம் கலக்குகிற ஆள் அன்றைக்கு லீவு. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

"தப்புதான் சார்," என்றார் எடிட்டர். "அவசரத்துல கண்ணுல படல. இப்பவே அந்தத் துண்டை எடுத்துடறேன். நெட்ல இருக்கறதையும் மாத்திடலாம்."

"கை வைக்காதீங்க!" கதாசிரியர் எழுந்தே விட்டார். "தப்போ சரியோ, இத்தனை பேர் வாயில விழுந்திருக்கு. நான் மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதினதை ஒருத்தன் பேசியிருப்பானா?"

அவர் கவலை அவருக்கு. மருமகளைச் சாகடித்த பிறகு மாமியாருக்குக் கொடுமைப்படுத்த ஆளில்லை. அந்த அம்மாளை அடுத்த வாரம் மூத்த மகள் வீட்டுக்கு அனுப்பிவைப்பதாக எழுதியாகிவிட்டது. அதற்குமேல் கதை எங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை.

"சேனல்காரங்க கேக்கறாங்கய்யா," என்றார் இயக்குநர். "தப்புன்னா யார் பொறுப்புங்கறாங்க. திட்டம் போட்டதுன்னா எங்ககிட்ட ஏன் சொல்லலைங்கறாங்க. இப்ப மறுபடி போன் வரும். நான் எதைச் சொல்ல?"

சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. தெரிஞ்சு அசைச்சியா, தெரியாம அசைஞ்சுதா?"

அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

தெரிந்து என்றால், வேலை போகாமலிருக்கக் காட்சியையே கெடுத்தவள் என்று பேராகிவிடும். அப்புறம் எந்தத் தொடரில் கூப்பிடுவார்கள்? தெரியாமல் என்றால், சும்மா படுத்துக் கிடக்கக்கூடத் துப்பில்லாதவள்.

"அவளை என்ன கேள்வி கேக்கறது?"

மாமியார்தான். மூலை சோபாவில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பிணமா நடிக்கக்கூட வரல. நானெல்லாம் ஒரு நாள் பூரா செத்துக் கிடந்திருக்கேன். மூக்கு மேல ஈ வந்து குடித்தனமே நடத்துச்சு. அசைஞ்சேனா?"

எடிட்டர் சிரித்துவிட்டார்.

"கேமரா ஓடாதப்பவும் மாமியாராவே இருக்கீங்களேம்மா," என்றார் கதாசிரியர்.

"உள்ளதைச் சொன்னா மாமியாரா? ஒரு புருவத்தை அடக்கத் தெரியல, இவளுக்கு நடிப்பு ஒரு கேடு."

மருமகள் தரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"தெரியாமத்தான் சார் அசைஞ்சுது," என்றாள்.

"நான்தான் சொன்னேனே, தப்புன்னு," என்று எடிட்டர் மவுஸைப் பிடித்தார்.

போன் அடித்தது.

இயக்குநர் போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பையோடு நிற்கிறவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"வணக்கம் சார்... என்னது, தப்பா? என்ன சார், என்னைப் போய் இப்படிக் கேட்டுட்டீங்க! கதை ஆரம்பிச்ச அன்னிக்கே யோசிச்சு வச்ச திருப்பம் சார் இது. உங்ககிட்டகூட மூச்சு விடலைன்னா பாத்துக்கங்க. லாரி மோதினப்ப ஒரு சொட்டு ரத்தம் காட்டலையே, கவனிச்சீங்களா?"

எடிட்டர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

கதாசிரியர் அதற்குள் 'கோமா' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

மேக்கப் அறையில் மருமகள் பையைத் திறந்து உடைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தாழும் போட்டார்.

"கையைக் காட்டு."

அவள் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே, உள்பக்கம், இரண்டு நகத்தடம் நீலம் பாரித்துக் கிடந்தது.

மாமியார் கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து, விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத் தடவினார்.

"கையைத் தூக்கினா இன்னும் வலிக்குது அத்தை. கொஞ்சம் மெதுவாக் கிள்ளியிருக்கக் கூடாதா?"

"மெதுவாத்தான் கிள்ளினேன், முதல் தடவை," என்றார் மாமியார். "நீ அசையவே இல்லையே."