உப்பு போக மூன்று நாள்

"பெண்டாட்டியைப் புதைச்சு இருபது நாள்கூட ஆகலை. அந்த மனுஷனைக் கூப்பிட்டுத் துப்பாக்கி கழுவச் சொல்றியே, உனக்கு ஈவு இரக்கம் இருக்காய்யா?"

வெர்னா கேட்டாள். அவள் கணவர் டெல்பர்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்பில் கெட்டிலை ஏற்றினார்.

"யார் செத்தா உப்புக்கென்ன? அது பாட்டுக்குத் துப்பாக்கிக் குழாயைத் தின்னும்."

அன்று மத்தியானம் பிளாட் ஆற்றங்கரையில் துப்பாக்கி சுடும் களத்தில் அவரும் பழைய சிநேகிதர் ராய்ஸும் நாற்பது ரவுண்டு சுட்டிருந்தார்கள். ராய்ஸின் பழைய ரஷ்ய ரைபிள். தோட்டா டெல்பர்ட்டின் உபயம். ராணுவம் கழித்துக் கட்டிய பழைய சரக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தச் சரக்கைச் சுட்டால் குழாய்க்குள் உப்பு படியும். அன்றைக்கே கழுவாவிட்டால் மறுநாள் துரு ஏறிவிடும். நெப்ராஸ்காவில் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"ஏன், அவர் வீட்டுல தண்ணி வராதா?"

"அவன் எண்ணெயைத் தடவி மூலையில சாத்திடுவான். எண்ணெய்ல உப்பு கரையுமா? வெந்நீர் ஊத்தணும்."

ராய்ஸ் வந்துவிட்டார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பித்தான்கள் துளை மாறிப் பூட்டியிருந்தன. வெர்னாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பின்கட்டில் துணி துவைக்கிற தொட்டி. குழாயின் பின்பக்கம் புனலைச் செருகி டெல்பர்ட் கெட்டிலைச் சாய்த்தார்.

"நேராப் பிடிடா."

"சுடுதுடா."

"வெந்நீர்னா சுடத்தான் செய்யும்."

கம்பியில் துணியைச் சுற்றி ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் போட்டு முடிக்கும்போது மணி ஆறு.

"சாப்பிட்டுட்டுப் போ."

"வேண்டாம்டா. வீட்டுல கார்ன்ஃபிளேக்ஸ் இருக்கு."

வெர்னா இன்னொரு தட்டை வைத்தாள். ராய்ஸ் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது டெல்பர்ட் கறாராகச் சொன்னார்:

"நாளைக்கும் வந்துடு. மூணு நாள் தொடர்ந்து கழுவணும். அந்தக் காலத்துல ராணுவத்துல அப்படித்தான்."

கதவு சாத்தியதும் வெர்னா பிடித்துக்கொண்டாள். "பெத்த பிள்ளையைக்கூட நான் இப்படிக் குளிப்பாட்டினதில்லை. துக்கத்துல இருக்கிறவரை ஏன்யா இந்த விரட்டு விரட்டறே?"

"உப்பு போகணும்," என்றார் டெல்பர்ட்.

இரண்டாம் நாளும் கெட்டில், புனல், கம்பி. டெல்பர்ட் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"உள்ளே மங்கலாத்தான் இருக்கு."

ராய்ஸ் வாங்கிப் பார்த்தார். "ஆமா. மங்கல்தான்."

வெர்னாவும் வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி மின்னியது. ஆண்களோடு எதற்கு வாதம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்று பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும் பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரோலும். ராய்ஸ் ரோலைப் பிட்டுக்கொண்டே, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல் மனைவியைப் பற்றிப் பேசினார்.

"கோனி பட்டைத்தூளை அள்ளிக் கொட்டுவா. எனக்குப் பிடிக்காது. நாப்பத்தியோரு வருஷமா அவகிட்ட சொன்னதே இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை. வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் கையுறையைத் தேடிய வெர்னாவின் கையில் இரண்டு காலி அட்டைப் பெட்டிகள் அகப்பட்டன. நேராகக் கணவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"கண்ணு அவிஞ்சு போச்சாய்யா உனக்கு? 'துருப்பிடிக்க வைக்காது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இது பழைய சரக்கே இல்லை. கடையில வாங்கின புதுத் தோட்டா! இதுக்குப் போய் அந்த மனுஷனை மூணு நாளா அலைய விட்டிருக்கியே!"

டெல்பர்ட் பெட்டிகளை மடக்கிக் கணப்புக்குள் போட்டார்.

"பார்த்துத்தான் வாங்கினேன்."

"பின்னே?"

"சாப்பிட வாடான்னு மூணு தரம் கூப்பிட்டேன். வரலை. அவன் வீட்டு வாசல்ல ஊர் ஜனம் சமைச்சு வெச்சுட்டுப் போன காசரோல் சாப்பாடெல்லாம் அப்படியே கெட்டுக் கிடந்துது. துப்பாக்கி துருப்பிடிச்சுடும்னா வருவான்னு தெரியும்."

வெர்னா கணப்பில் கருகும் பெட்டிகளைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட உளறிடாதே. ரோஷக்காரன். அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான்."

அன்றைக்கு மிச்ச சில்லியைச் சூடு பண்ணுவதாக இருந்தவள், மாட்டிறைச்சியை அடுப்பில் வேகவிட்டு உருளைக்கிழங்கைக் கூடையோடு எடுத்து உரிக்க உட்கார்ந்தாள்.

மாலை சாப்பாடு முடிந்தது. டெல்பர்ட் எண்ணெய் டப்பாவை எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தார். ராய்ஸ் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்று சவரம் செய்திருந்தார்.

வெர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னையோட உப்பு போயிடுமா, ராய்ஸ்?"

"இதுல ஏது உப்பு, வெர்னா? உப்பும் இல்லை, புளியும் இல்லை."

அவள் கையிலிருந்த தட்டு தொட்டியில் நழுவியது.

"ராணுவச் சரக்குன்னா தோட்டாக் கூடு இரும்புல இருக்கும். இது பளபளன்னு பித்தளை. முதல் தோட்டாவைப் போடும்போதே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மூணு நாளா வந்து கழுவினீங்க?"

வெளியே கொட்டகைக் கதவு சாத்துகிற சத்தம். ராய்ஸ் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. இன்னும் மங்கலாத்தான் இருக்குன்னு சொல்லப்போறேன். இல்லேன்னா நாளைக்கு நான் எந்தச் சாக்கைச் சொல்லிட்டு இங்கே வர்றது?"