சிவப்பு நூல்

ஜமீன் அரண்மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குதிரை லாயத்துக்குப் பின்னாலிருந்த மாமரத்தடியில் உட்கார்ந்தோம். வருஷா வருஷம் செல்வின் குடும்பமும் நாங்களும் உட்காரும் இடம். எங்கள் மகள் ஆதினி டெங்குவில் போனபிறகு நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. செல்வின்தான் விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தான்.

என் மனைவி கோமதி புளியோதரைப் பொட்டலங்களை எடுத்து வைத்தாள். செல்வினின் மகள் ஃபியோனா ஒன்றைப் பிரித்துக் கிளறினாள்.

"ஆன்ட்டி, இதுல கடலையே இல்ல."

ஜாஸ்மின் மகளின் தொடையைக் கிள்ளினாள். செல்வின் மாமரத்தை அண்ணாந்து பார்த்தான்.

ஆதினிக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அவளுக்கு மட்டும் கடலை போடாமல் தனியாகக் கிளறுவாள் கோமதி. பொட்டலம் மாறிவிடாமலிருக்க அதற்குச் சிவப்பு நூல்.

"பழக்கத்துல தனியா கிளறிட்டேன்டா கண்ணு" என்றாள் கோமதி. தன் சோற்றிலிருந்து கடலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஃபியோனாவின் இலையில் வைத்தாள். "எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு."

ஃபியோனா அவிழ்த்துப் போட்டிருந்த சிவப்பு நூலை மெல்லச் செருப்பால் இழுத்து, காலுக்கடியில் மறைத்துக்கொண்டேன். காலையில் அதைக் கட்டியவன் நான்.