பத்து வருஷம் தாங்குமா?

ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இருபது வருஷமாகச் சர்க்கரை.

“ரத்தக்குழாய்ல அடைப்பு வரப்போற அறிகுறி ரத்தத்துலயே தெரியுது பெரியவரே. நல்லவேளை, ஆரம்பம்தான். மாத்திரையை ஒழுங்காப் போட்டா சமாளிச்சிடலாம்.”

“இன்னும் பத்து வருஷம் தாங்குமாம்மா?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எழுபத்தி மூணு வயசுல பத்து வருஷமா! ஏன், பேரன் கல்யாணத்தைப் பாக்கணுமா?”

“பையன் ஜெயில்ல இருக்கான்மா. குடிச்சிட்டுக் கார் ஓட்டி, ரெண்டு பிள்ளைங்க மேல ஏத்திட்டு, நிக்காம வந்துட்டான். வெளியே வர இன்னும் பத்து வருஷம் ஆகும்.”

டாக்டரம்மாவுக்கு ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது. “அவர் வரும்போது கூட்டிட்டு வர நீங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க. இருப்பீங்க, கவலைப்படாதீங்க.”

“கூட்டிட்டு வரவா? அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்ததே நான்தாம்மா. வெளியே வந்ததும் முதல் அடி உனக்குத்தான்னு கோர்ட்டு வாசல்லயே கத்திட்டுப் போனான்.”

பெரியவர் மாத்திரைச் சீட்டுக்குக் கையை நீட்டினார்.

“அப்ப நான் செத்துப்போயிருந்தா, அந்த அடியையும் அவன் அம்மாதானேம்மா வாங்கணும்?”