மூன்று பனிமய மாதா

பிலோமினாவுக்கு வயிறு எரிந்தது. மீன் கம்பெனி ஆபீசில் இத்தனை வருஷமாக எக்செல்லில் படகுக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழுதது அவள். போன மாதம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த இசக்கிசெல்விதான் முதலாளி ராஜதுரை அண்ணாச்சிக்கு இப்போது எல்லாமே.

"அந்தப் புள்ள டேட்டாபேஸ் போடுதுல்லா! இனி எந்தக் கணக்கும் தட்டுனா வந்துரும்" என்று அவருக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை.

இசக்கிசெல்வி நெட்டிலிருந்து அதற்கான மைஎஸ்க்யூஎல் சாஃப்ட்வேரை இறக்கி, இன்ஸ்டால் செய்து, பாஸ்வேர்டும் போட்டாள். படகுகளுக்கு ஓர் அட்டவணை, தினம் வரும் மீனுக்கு ஓர் அட்டவணை. இரண்டையும் இணைக்க ஓர் அடையாளம் வேண்டும்.

"அக்கா, படகு பேரையே பிரைமரி கீயா வச்சிரட்டுமா? ஒரு பேரு ஒரு தடவதான் இருக்கணும். ரெண்டாவது வந்தா ஏத்துக்காது."

வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கடற்கரை எங்கே தெரியும்? கம்பெனிக்கு மீன் போடும் படகுகளிலேயே 'பனிமய மாதா' மூன்று உண்டு.

"ஏளா, வச்சிக்க" என்றாள் பிலோமினா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதே மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டாள். 'அண்ணாச்சி முன்னால அவ மூக்கு உடையணும் தாயே.'

திங்கள் காலை அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, நம்ம படகையெல்லாம் ஏத்து பாப்போம்."

"நான் சொல்லுதேன்" என்று முந்திக்கொண்டாள் பிலோமினா. "பனிமய மாதா. பர்னபாஸ் படகு." பதிவு நம்பரையும் சேர்த்துச் சொன்னாள்.

ஏறியது.

"அடுத்ததும் பனிமய மாதா. அனிஷ் படகு."

"இதுக்குப் பதிவு நம்பர் என்னக்கா?"

அதே பேரைக் கேட்டும் அவள் தயங்கவில்லையே என்று பிலோமினாவுக்குத் திக்கென்றது. சொன்னாள். அதுவும் ஏறியது. மூன்றாவதும் ஏறியது.

"அதென்ன, ஒரே பேரு மூணு தடவ? குழம்பாதா?" என்றார் அண்ணாச்சி.

"குழம்பாது அண்ணாச்சி. பேர வச்சா மாட்டிக்குவ, படகு நம்பர வையின்னு பிலோமினாக்கா மொதல்லயே சொல்லிட்டாவ. இல்லன்னா எல்லாம் பாழாயிருக்கும்."

"பிலோமினான்னா சும்மாவா!" அண்ணாச்சி சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

பிலோமினா அவள் பக்கம் திரும்பினாள். "ஏளா, நான் எப்ப சொன்னேன்? நக்கலா?"

"இல்லக்கா. ஞாயித்துக்கிழம படகெல்லாம் கரையில நிக்கும்லா, போயிப் பாத்தேன். ஒரே பேருல மூணு நின்னுச்சு."

"அப்ப அவருட்ட என்னையப் போட்டுக் குடுக்க வேண்டியதான?"

இசக்கிசெல்வி குரலைத் தாழ்த்தினாள்.

"'இது ஓடிட்டா பிலோமினா நமக்கு எதுக்கு?'ன்னு அண்ணாச்சி போன வாரம் கேட்டாவக்கா. நீங்க இல்லன்னா இது ஓடாதுன்னு அவியளுக்குத் தெரியணும்லா."