கேட்டில் சாய்ந்திருந்த வெங்காய மூட்டை

இரண்டு நாடுகளின் எல்லைச் சாவடியில், கேட்டில் சாய்ந்திருந்த வெங்காய மூட்டையின் பக்கத்தில் தூரதேசத்துப் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது.

"எங்கள் கண்டத்தில் காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் நாலு நாடு தாண்டிவிடுவேன். என் பூட்டை ஒருவரும் தொட மாட்டார்கள்" என்றது பெட்டி.

மூட்டைக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கள் பக்கத்து நாடுகளுக்கும் கூட்டமைப்பு உண்டு. கொடி இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பெரிய கட்டடம்கூட இருக்கிறது."

"அப்புறம் ஏன் இங்கேயே கிடக்கிறாய்?"

"பன்னிரண்டு நாள்தானே ஆகிறது. ஒப்பந்தமெல்லாம் தயார். தலைவர்கள் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டதும் கையெழுத்துதான். நடுவில் யார் நிற்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

மூட்டையின் கிழிசலிலிருந்து நீண்ட ஒரு பச்சை முளை, கேட்டுக்கு அடியில் நுழைந்து, அடுத்த நாட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.