மரங்கொத்திப் பண்டிதர்

மரத்தை அலகால் தட்டியே, உள்ளே பொந்து இருக்கிறதா, அதில் குஞ்சுகள் இருக்கின்றனவா என்று சொல்லிவிடும் ஒரு மரங்கொத்தி. காட்டு ராஜாவான மலைப்பாம்பு அதற்குப் பண்டிதர் பட்டம் கொடுத்து, குடிகளின் பாதுகாப்புக்காக என்று எல்லா மரங்களையும் தட்டிப் பார்க்கச் சொன்னது. அதுவும் பெருமை பிடிபடாமல் தட்டிச் சொன்னது.

அடுத்த வருஷம் தட்டியபோது பொந்துகளெல்லாம் காலியாக ஒலித்தன. ராஜா மட்டும் நன்றாகப் பருத்திருந்தது.

"அக்கரைக் காட்டையும் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள், பண்டிதரே" என்றது ராஜா.

"பார்த்துவிட்டேன், மகாராஜா. அங்கே ஒரு மரத்திலும் பொந்தே இல்லை."

"உங்கள் குஞ்சுகள் அங்கேதானே இருக்கின்றன? பயப்படாதீர்கள், அந்த மரத்தை விட்டுவிடுகிறேன். மற்றதைச் சொல்லுங்கள்."

மரங்கொத்தி பக்கத்துப் பாறையில் போய் உட்கார்ந்து, அலகு முறியும்வரை கொத்தியது.