கதாநாயகிக்கு ஒரு பெயர்

குடும்பநல நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்சவேணிக்குக் காதல் நாவல் எழுதுவது பெரிய வித்தையாக இல்லை. விவாகரத்து மனுக்களில் தட்டச்சு செய்ததையெல்லாம் அப்படியே திருப்பிப் போட்டாள். 'சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை' என்று அழுதவளின் கணவன், நாவலில் தட்டைத் தொடாமல் மனைவிக்காகக் காத்திருந்தான். "இப்படியும் ஆம்பளைங்க இருக்காங்களா மேடம்?" என்று வாசகிகள் உருகினார்கள்.

ஆறாவது நாவலுக்குள் நினைவிலிருந்த மனுக்களெல்லாம் தீர்ந்துவிட்டன. அவளுடைய குறை ஒன்றுதான் மிச்சம். கல்யாணமான நாளிலிருந்து கலியமூர்த்தி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா', 'ஏய்', இல்லாவிட்டால் ஒரு கனைப்பு. அதையும் திருப்பிப் போட்டாள். கதாநாயகன் கொட்டும் மழையில் நின்று 'அம்சவேணி' என்று கூப்பிட்டான். அது ஆண்குரலில் எப்படி இருக்குமென்று ஒருமுறை கேட்டுவிட ஆசையாக இருந்தது.

தாளைக் கணவரிடம் நீட்டினாள். "இந்த வரிய மட்டும் கொஞ்சம் சத்தமா படிங்களேன்."

கலியமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனதுக்குள்ளேயே படித்தார்.

"கதைன்னா பேரு கொஞ்சம் எடுப்பா இருக்க வேணாமா? வேற ஏதாவது வை. இந்தா."

அம்சவேணி திரும்பி வந்து பெயரை அழித்தாள். வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை. மழையில் அவன் வாயைத் திறந்தபடியே நின்றான்.